தக்காளிச் செடியைக் கருகல் நோயினின்றும் காத்தல்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



வீட்டுக் கொல்லையில் பத்துத் தக்காளிச் செடிகளை வைத்துக் காப்பாற்றும் குடும்பத்துக்கு அவற்றால் விளையும் நன்மை சொற்பமானதன்று. குழம்புக்கும் ரசத்துக்கும் வேண்டிய பழம் கடைக்குப் போகாமலே கிடைக்கிறது. மிகுந்த பழம் அண்டை வீட்டுக்கோ சந்தைக்கோ போகிறது. அநேக வீடுகளில் அந்தச் சில்லறைப் பணம் பெண்மக்கள் கையிலே சேர்ந்து, உப்புக்கும் எண்ணெய்க்கும் குழந்தைகளின் புத்தகத்துக்கும் உதவுகிறது.

இத்தகைய செடிகளுக்கு மழைக்காலத்திலே ஒரு பெருங்கேடு நேர்வதுண்டு. ஓசூரைப் போன்ற மேட்டுப் பாங்கான ஊர்களிலும், நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசங்களிலும், மழை பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் சூரியன் முகம் காட்டாதிருக்குமானால், பச்சைப் பசேலென்று நின்ற செடி ஒரு வாரத்துக்குள் வெந்நீர் ஊற்றினாற் போல வாடிக் கறுத்துத் தொங்கிவிடுகிறது. காய்கள் செடியிலேயே பழுப்பு நிறமடைந்து அழுகுகின்றன. இதைக் காணும் வீட்டார் திருஷ்டி பட்டதென்பர். சிலர் பனி சுட்டதென்பர். வேறு சிலர் மண்ணைக் குறை கூறுவர். உண்மையில் இது கருகல் நோய் என்னும் தொத்து வியாதியேயாம்.

இந்நோயைக் குறித்து யாவரும் மனத்தில் இருத்தவேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, இது வருமுன் காக்கத்தக்கதேயன்றி வந்தபின் தீர்க்கத்தக்கதன்று. இரண்டாவது, வேலி இதற்குத் தடையன்று. ஆகையால் ஒரு வீட்டார் மாத்திரம் காத்துப் பயனில்லை. முதல் விஷயம் குடியானவரைச் சேர்ந்தது. இரண்டாவது விஷயம் சங்கத்தைச் சேர்ந்தது.

கருகல் நோயின் இரண்டு வகை

கருகல் நோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு வேறு வியாதிகளாகும். ஒன்று முன்பருவக் கருகல். மற்றொன்று பின்பருவக் கருகல்.

முன்பருவக் கருகல் சமவெளிகளில் அதிகமாகக் காணப்படுவது. தரையை ஒட்டிய முதிர்ந்த இலைகளிலேதான் இது முதலில் தோன்றும். இலையில் உண்டாகும் பழுப்புப் புள்ளியை உற்று நோக்கினால், குளத்தில் கல் எறிந்தாற் போல, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகும். பிறகு அவ்விலை உதிர்ந்து, நோய் மெல்ல மெல்ல மேலேறும். இலை இழந்த செடியின் காய்கள் வெயிலில் வெந்து கெடும். இதற்குக் காரணமான பூஞ்சாணம் உதிர்ந்த சருகிலும் மண்ணிலும் தங்கியிருந்து, மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும்போது மண்ணோடு கீழிலையில் வந்து ஒட்டுகிறது. இது மெதுவாய் நடக்கும் வியாதி. கவனமுள்ளவர் இதை அடக்கி வைத்துப் பலன் காணலாம்.

பின்பருவக் கருகல் அவ்விதமன்று. இலையின் நுனியிலோ ஓரத்திலோ, நீரில் ஊறினாற் போன்ற கரும்பச்சைத் திட்டு ஒன்று முதலில் காணும். வளையங்கள் இரா. அது விரைவில் பரந்து இலை முழுவதையும் கருக்கும். தண்டிலும் கருமையான நீண்ட திட்டுக்கள் உண்டாகும். காயில் கெட்டியான பழுப்பு அழுகல் காணும். விடியற்காலையில் பனி உலருமுன் இலையைத் திருப்பிப் பார்த்தால், திட்டின் ஓரத்தில் வெண்மையான மெல்லிய பூசணம் தெரியும். அவ்வெண்பூசணமே பகைவனின் சேனை. ஒவ்வொரு திட்டிலும் கண்ணுக்குத் தெரியாத வித்துக்கள் ஆயிரக்கணக்காக உண்டாகிக் காற்றிலே கிளம்பி, அடுத்த கொல்லைக்கு மாத்திரமன்றிப் பல கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊருக்கும் போகின்றன. ஈரமான இலைமேல் விழுந்த வித்து அங்கே முளைத்து, ஒரு வாரத்துக்குள் அதுவும் ஒரு திட்டாகி வித்துக்களை வீசத் தொடங்குகிறது.

சந்தேகமுள்ளவர் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். நோயுற்ற இலையை நனைந்த துணியோடு ஒரு பாத்திரத்தில் இட்டு மூடி, குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு வைத்திருந்தால், பின்பருவக் கருகலாயின் மறுநாட் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வெண்பூசணம் பெரும்பாலும் காணப்படும். சோதித்த இலையைப் பிறகு புதைத்துவிட வேண்டும்.

வேறு சில நோய்களைக் கருகலென்று மயங்கலாகாது. இலைகள் சிறுத்துச் சுருண்டு செடி குட்டையாகுமானால், அது வெள்ளை ஈயினால் பரவும் இலைச்சுருள் நோய். இலை மஞ்சளாகாமல் செடி முழுவதும் திடீரென்று துவண்டு, தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் வைத்தால் பால்போன்ற கசிவு இறங்குமானால், அது வேரின் வழியாய் வரும் வாடல் நோய். இவ்விரண்டுக்கும் கீழே கூறப்படும் மருந்தால் பயனில்லை. வியாதி இன்னதென்று அறியாமல் மருந்து தெளிப்பது பணத்தை மண்ணில் இறைப்பதாகும்.

ஐர்லாந்து தேசத்தார் பட்ட துன்பம்

பின்பருவக் கருகல் தக்காளியை மாத்திரம் தாக்குவதன்று. உருளைக்கிழங்கு தக்காளிக்குப் பங்காளி. இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1845-ஆம் ஆண்டில் இந்நோய் ஐர்லாந்து தேசத்து உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கியது. அத்தேசத்து ஏழைக் குடியானவர்களுக்கு அக்கிழங்கே மூன்று வேளை உணவாயிருந்தது. அடுத்தடுத்துச் சில வருஷங்கள் பயிர் அழிந்ததனால் சுமார் 10 லட்சம் ஜனங்கள் பசியாலும் அதைத் தொடர்ந்த காய்ச்சல்களாலும் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை ஜனங்கள் கப்பலேறி அந்நிய நாடுகளுக்குப் போயினர்.

அக்காலத்தில் இதன் காரணத்தை ஜனங்கள் அறியார். கெட்ட காற்றென்றும் இடியென்றும் பலவாறு கூறினர். மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இலையின்மேல் காணும் பூசணமே நோய்க்குக் காரணமென்று 1846-இல் எழுதினார். அநேகர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1861-இல் அன்டன் டி பேரி என்னும் ஜெர்மானிய சாஸ்திரியார் அதைச் சோதனையால் ஐயமற நிலைநாட்டினார். இக்காலத்துச் சாஸ்திரிகள் அக்கிருமியை உண்மையான பூஞ்சாணத்தோடு சேர்க்காமல், பாசியினத்துக்கு உறவான நீர்விருப்பமுள்ள ஒரு தனி வகுப்பில் வைக்கின்றனர். நீரின்றி அது முளையாதென்பதற்கு இதுவே காரணம்.

மருந்து அகப்பட்ட கதையும் அறியத்தக்கது. பிரெஞ்சு தேசத்தில் போர்டோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழத்தைத் திருடாதபடி சாலையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசி, விஷமென்று அஞ்சும்படி செய்து வந்தனர். 1882-இல் அவ்வழியே சென்ற மிலார்தே என்ற பேராசிரியர், மற்றக் கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயால் இலை உதிர்ந்திருக்க, சாலையோரக் கொடிகள் மாத்திரம் பசுமையாய் நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து பார்த்து 1885-இல் அக்கலவையை உலகத்துக்கு வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை. திராட்சையின் அந்நோய்க்கு உறவான கருகல் நோய்க்கும் அது தகுந்த காவலாயிற்று. தாமிரமும் சுண்ணாம்பும் 1845-லும் ஐர்லாந்தில் இல்லாத வஸ்துக்களல்ல. அறிவு வந்து சேர நாற்பது வருஷங்கள் ஆயின.

இந்தியாவில் இந்நோய் 1870-க்கும் 1880-க்கும் இடையில் நீலகிரி மலையிலே உருளைக்கிழங்கில் தோன்றியதாக அறியப்படுகிறது. 2009, 2010 ஆண்டுகளில் கர்நாடகம் முதலிய தென்னிந்தியப் பிரதேசங்களில் அது தக்காளியைப் பெருவாரியாகத் தாக்கியது. ஆராய்ந்தபோது, ஐரோப்பாவில் உருளைக்கிழங்கை அழித்துவந்த வீரியமுள்ள வம்சமே அது என்று தெரியவந்தது. இந்நோய் பழங்கதையன்று என்பதற்கு இது சான்றாகும்.

நடுமுன் செய்யவேண்டியவை

ஒரே பாத்தியில் வருஷா வருஷம் தக்காளி வைக்கலாகாது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் ஒரே குடும்பமாகையால், ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்றை வைப்பதும் மாற்றாகாது. இரண்டு மூன்று வருஷங்கள் அவ்விடத்தில் அவரை, வெண்டை, கீரை, சோளம் முதலியவற்றை வைத்துப் பிறகு தக்காளிக்குத் திரும்பலாம். சென்ற பயிரின் வேரும் சருகும் பாத்தியில் கிடக்கலாகாது.

விதையை நோயற்ற செடியின் நோயற்ற பழத்தினின்றே எடுக்கவேண்டும். பெங்களூரை அடுத்த இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்னும் ஒட்டு ரகம் முன்பருவக் கருகலைத் தாங்குவது. அர்க்கா அபேத் என்பது இருவகைக் கருகலையும் தாங்குவது. இவை ஒட்டு ரகங்களாதலால், பழத்தினின்று விதை எடுத்து வைத்தால் தாயின் குணம் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் புது விதை வாங்கவேண்டும். தாங்கும் ரகமென்று நம்பி மற்ற ஜாக்கிரதைகளை விட்டுவிடுவதும் தவறு.

இலை நனையாதிருப்பதே பெருங்காவல்

கருகல் கிருமி உள்ளே நுழையும் வாசல் ஈரமான இலை. இலை விரைவில் உலருமானால் வாசல் அடைபட்டது போலாகும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, கவனமே வேண்டும்.

செடிக்குச் செடி இரண்டடி இடம் விட்டு நடவேண்டும். நெருக்கமாய் நட்டால் காற்று நுழையாது. பகல் பத்து மணியானாலும் பனி உலராது. செடி ஒரு முழம் வளர்ந்ததும் பக்கத்தில் கொம்பு நட்டுத் தளர்வாகக் கட்டவேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரம் வரையுள்ள கீழிலைகளைச் செடி நன்றாய் வளர்ந்தபின் சிறுகச் சிறுக எடுத்துவிடலாம். வேரடியில் வைக்கோலோ காய்ந்த சருகோ மூன்று விரற்கடை கனம் பரப்பினால், மழைத்துளி மண்ணைத் தெறிக்காது. முன்பருவக் கருகலுக்கு இதைவிடச் சுலபமான காவல் வேறில்லை. ஆனால் தக்காளி, உருளைக்கிழங்குச் சருகை இதற்கு உபயோகிக்கலாகாது.

தண்ணீரை வேரிலே ஊற்றவேண்டும், தலையில் ஊற்றலாகாது. குடத்து நீரைச் செடிமேல் வீசி இறைக்கும் வழக்கம் அநேக கொல்லைகளில் உண்டு. அதிலும் சாயங்காலத்தில் இறைத்தால் இலை இரவு முழுவதும் நனைந்தே இருக்கும். காலை வேளையில் அடியில் ஊற்றுவதே நலம்.

எருவும் அளவோடு இருக்கவேண்டும். பட்டினி கிடக்கும் செடியை முன்பருவக் கருகல் எளிதில் பிடிக்கும். யூரியா முதலிய தழைச்சத்தை அளவு மீறிப் போட்டாலோ, இலை மண்டிக் காற்றடைந்து பின்பருவக் கருகலுக்கு இடமாகும்.

போர்டோ கலவை தயாரிக்கும் முறை

10 லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத கற்சுண்ணாம்பு 100 கிராம் தேவை. நீற்றிய சுண்ணாம்பே கிடைக்குமாயின் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சேர்க்கவேண்டும். நெடுநாள் காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பு உதவாது.

மயில்துத்தத்தைப் பொடித்து 5 லிட்டர் நீரில் கரைக்கவேண்டும். இதற்கு மட்பாண்டமோ மரத்தொட்டியோ பிளாஸ்டிக் வாளியோ உபயோகிக்கலாம். இரும்பு வாளியும் தகர டப்பாவும் கூடாது. துத்தம் அவற்றை அரித்துத் தானும் கெடும். சுண்ணாம்பை வேறொரு பாண்டத்தில் சிறிது சிறிதாக நீர் தெளித்து நீற்றி, ஆறிய பிறகு 5 லிட்டராகக் கரைத்துத் துணியில் வடிகட்டவேண்டும். பின்பு துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றி, ஒரு கழியால் இடைவிடாது கலக்கவேண்டும். வானத்தின் நீல நிறம் வந்தால் கலவை ஆயிற்று.

தெளிக்குமுன் ஒரு பரீட்சை அவசியம். நன்றாகத் தீட்டிய இரும்புக் கத்தியை அக்கலவையில் ஒரு நிமிஷம் வைத்து எடுக்கவேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிகுதியாயிருக்கிறது, இலையைச் சுட்டுவிடும். இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்து, கத்தியில் நிறம் படியாத வரையில் திருத்தவேண்டும். இளநாற்றுக்களுக்குக் கலவையில் அதே அளவு நீர் சேர்த்துப் பாதி வீரியமாக்கித் தெளிக்கவேண்டும்.

கலவையை அன்றைக்கன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் குறையும். இலை உலர்ந்திருக்கும் காலை வேளையில், மேற்பக்கமும் அடிப்பக்கமும் தண்டும் நனையும்படி புகைபோலத் தெளிக்கவேண்டும். மேகமூட்டமும் தூறலும் தொடங்கும் காலமே முதல் தெளிப்புக்கு உரிய காலம். மழைக்காலத்தில் ஏழு முதல் பத்து நாளைக்கு ஒரு முறையும், பெருமழை கழுவியபின் மறுபடியும் தெளிக்கலாம். வெயில் நிலைத்தபின் தெளிப்பது வீண். மண்ணில் தாமிரம் சேர்ந்து கெடுதியும் உண்டாகும்.

மயில்துத்தம் விஷம். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் அதைப் பூட்டி வைக்கவேண்டும். தெளிப்பவர் கண்ணையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று தெளிக்கவேண்டும். தெளித்த செடியின் பழத்தைச் சில நாள் கழித்துப் பறித்து நன்றாய்க் கழுவி உபயோகிக்கவேண்டும். கடையில் விற்கும் தாமிர மருந்துகளை வாங்குவோர், சீட்டில் கண்ட அளவையும், பறிக்குமுன் காத்திருக்கவேண்டிய நாட்களையும் படித்தறிந்தே உபயோகிக்கவேண்டும்.

இம்மருந்து ஒரு கவசம் போன்றது. இலைமேல் விழும் வித்து முளையாதபடி தடுக்கும். உள்ளே புகுந்துவிட்ட நோயை வெளியேற்றாது. நோய் கண்டபின் மருந்து தேடுவது, வெள்ளம் வந்தபின் கரை போடுவதை ஒக்கும்.

நோய் கண்டபின் செய்யவேண்டியது

முன்பருவக் கருகலாயின், புள்ளியுள்ள இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, மற்ற இலைகளுக்கு மருந்து தெளித்தால் செடி தப்பும். பின்பருவக் கருகல் செடியில் பரவிவிட்டதாயின், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அச்செடியைப் பிடுங்கிவிட வேண்டும். இலை உலர்ந்திருக்கும் நண்பகலில், அதை ஒரு சாக்குக்குள் இட்டுக் கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைக்கவேண்டும். எருக்குழியிலோ வாய்க்காலிலோ வேலியோரத்திலோ எறியலாகாது. அழுகிய உருளைக்கிழங்குக் குவியலும், தானாய் முளைத்த உருளைக்கிழங்குச் செடியும் அந்நோய்க்குப் புகலிடங்களாகையால் அவற்றையும் ஒழிக்கவேண்டும். நோயுற்ற செடியில் எஞ்சிய நல்ல காய்களைப் பறித்துச் சமைத்து உண்ணலாம். இந்நோய் மனிதரைத் தொடாது.

பத்துச் செடிகளில் பாதி காயோடு நிற்கும்போது பிடுங்கச் சொல்வது கடினமான புத்திமதியே. ஆயினும் அச்செடி தானும் பிழைக்காது. நிற்கும் ஒவ்வொரு நாளும் தெருவிலுள்ள மற்றச் செடிகளின்மேல் வித்தை வீசிக்கொண்டே நிற்கும்.

சங்கம் செய்யத்தக்கவை

வேலிக்கு இப்புறம் ஒருவர் கொம்பு நட்டு, வைக்கோல் பரப்பி, மருந்தும் தெளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் இருப்பவர் நோயுற்ற செடிகளை அப்படியே விட்டுவிட்டார். இப்புறத்தார் எத்தனை முறை தெளிப்பினும், அடுத்த மழைக்குப் பின் துளிர்த்த புது இலையில் மருந்தில்லை. காற்று அதன்மேல் வித்தைக் கொணர்ந்து போடும். அப்புறத்தாருக்கோ இரண்டு செடிகளுக்காக மயில்துத்தம் வாங்கவும், தெளிப்பான் வாங்கவும் சக்தியில்லை. அவர் சோம்பேறி என்று ஏசுவதால் காற்றின் திசை மாறாது. தனிமனிதருக்கு இயலாததைச் சேர்ந்து செய்வதற்கன்றோ கூட்டுறவு ஏற்பட்டது!

போர்டோ கலவையின் குணமே கூட்டுறவுக்கு ஏற்றது. அதைச் சேமித்து வைக்க முடியாது, அன்றே தீரவேண்டும். ஒரு வீட்டார் பத்துச் செடிகளுக்காகத் தயாரித்தால் பாதி வீணாகும். சங்கக் கட்டடத்து வாசலில் ஒரு கிலோ துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் கொண்டு 100 லிட்டர் தயாரித்தால், ஒரு தெரு முழுவதற்கும் அன்று காலையே பங்கிட்டுவிடலாம். கத்திப் பரீட்சை அறிந்த ஒருவர் இருந்தாற் போதும். ஒரே தெளிப்பான் முறைவைத்து எல்லாக் கொல்லைகளுக்கும் போய்வரும்.

நாற்றங்காலும் அவ்வாறே. சங்கம் நல்ல விதையை மொத்தமாய் வாங்கி, நாற்றுவிட்டு அங்கத்தினருக்குப் பங்கிடலாம். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பிரதேசங்களில், பெரிய கடைகள் வாயிலாக விற்கப்பட்ட தக்காளி நாற்றுக்களோடு பின்பருவக் கருகலும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவிப் பெருஞ்சேதம் விளைந்தது. நன்மையைப் பங்கிடும் வழியிலேயே தீமையும் பங்கிடப்படும். ஆகையால் சங்கத்து நாற்றங்காலை நோய்க்குறி அறிந்த இருவர் தினமும் பார்வையிடவேண்டும். ஒரு நாற்றில் திட்டுக் கண்டாலும், அது இன்ன நோயென்று நிச்சயிக்கும் வரையில் ஒரு நாற்றும் வெளியே போகலாகாது.

மூன்றாவதாக, மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் விடியற்காலையில், பள்ளிச் சிறுவர் சிறுமியரைப் பெரியவர் ஒருவரோடு கொல்லைதோறும் அனுப்பி, இலைகளைத் திருப்பிப் பார்க்கச் செய்யலாம். வெண்பூசணத்தைக் காண்பதில் குழந்தைகளின் கண் கூர்மையானது. நோய் கண்ட வீட்டார் அதை மறைக்கலாகாது. மற்றவர் அவரைப் பழிக்கவும் கூடாது. செடியைப் பிடுங்கிக் கொடுத்தவருக்கு அடுத்த பருவத்தில் சங்கம் இலவசமாக நாற்றுக் கொடுப்பதென்று ஒரு தீர்மானம் செய்துகொண்டால், மறைக்கும் எண்ணமே எழாது. செலவு சில நாற்றுக்களே. அதனால் காக்கப்படுவது ஊர்த் தோட்டம் முழுவதும்.

ஐர்லாந்துக் குடியானவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. அவர்களுக்கு இல்லாதது இந்நோயைப் பற்றிய அறிவே. இக்காலத்துக் குடியானவருக்கு அக்குறை இல்லை. ஈரம் இன்னதென்றும், பூசணம் இன்னதென்றும், தாமிரமும் சுண்ணாம்பும் இன்ன அளவென்றும் தெரிந்திருக்கிறது. அவ்வறிவு ஒரு கொல்லையோடு நின்றால் பயன் சிறிது. தெரு முழுவதும் பரவினால் பயன் பெரிது. நோய் வேலி தாண்டுகிறது. காவலும் வேலி தாண்டவேண்டும். அடுத்த மழை தொடங்குமுன் சங்கத்தார் கூடி, துத்தத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஏற்பாடு செய்து, தெளிப்பானைப் பழுது பார்த்து, நாற்றங்காலுக்கு இடம் குறித்து வைப்பார்களானால், இவ்வூர்க் கொல்லைகளில் கார்த்திகை மழைக்குப் பின்னும் தக்காளி பழுத்து நிற்கும் என்பதில் ஐயமில்லை.